ஒரே வெள்ளம்: எனக்கு மணல், பெரியப்பாவுக்கு வண்டல். இது என்ன கணக்கு?

ஏரல்வாழை | சனி, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். ஏரல் பக்கம் தாமிரபரணி ஆற்றங்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு கோட்டை விதைப்பாடு நிலம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை உடைந்து, குலை தள்ளிய வாழை அத்தனையும் போனது. அந்த ராத்திரியைப் பற்றி இங்கே எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும், அதை விடுங்கள். என் சந்தேகம் வேறு.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல். கட்டட வேலைக்கே ஆகும், அப்படிப்பட்ட மணல். பெரியப்பா வயல் ஆற்றிலிருந்து இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஒரு பிடி மணல் கிடையாது. நாலு விரற்கடை வண்டல், கறுகறுவென்று, கால் வைத்தால் வழுக்குகிறது. அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த சாகுபடிக்கு, அவர் உரமே பாதிதான் போட்டார். எதிர்க்கரையில் ஒருவருக்கோ இரண்டு வரிசைத் தென்னையோடு நிலமே காணவில்லை.

ஒரே ராத்திரி, ஒரே தண்ணீர். ஒருவருக்குக் கொடுத்தது, ஒருவரிடம் எடுத்தது, எனக்கு மட்டும் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனது. ஊரில் கேட்டால் ‘ஆத்தா மனசு’ என்கிறார்கள். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மணல் இன்னும் அப்படியே கிடக்கிறது, தண்ணீர் பாய்ச்சினால் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை.


குறுக்குத்துறைக் குளியல் | சனி, காலை 7.05

பெரியப்பா கோவில் கொடைக்கு வரி ஒழுங்காகக் கட்டியிருப்பார். 😀


பொதிகைச்சாரல் | சனி, காலை 8.20

தம்பி, ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் உங்கள் வயல் மணல் ஒரு கை, பெரியப்பா வயல் வண்டல் ஒரு கை போட்டு, முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வையுங்கள். பிறகு எதையும் தொடாமல் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் 30 வருஷம் புவியியல் எடுத்தவன் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தப் பாட்டிலில் இருக்கிறது. என்ன நடந்தது என்று சாயங்காலம் எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.


ஏரல்வாழை | சனி, மாலை 5.50

செய்தேன் சார். குலுக்கி வைத்த கையோடு மணல் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, பத்து எண்ணுவதற்குள். அதற்கு மேலே பொடிமணலும் ஒரு மாதிரி மாவும் கால் மணி நேரத்தில் இறங்கின. ஆனால் மேல் தண்ணீர் காலையில் போட்ட டீ மாதிரி இன்னும் கலங்கலாகவே நிற்கிறது. எட்டு மணி நேரம் ஆகிறது, தெளியவில்லை.


பொதிகைச்சாரல் | சனி, இரவு 8.10

அவ்வளவுதான் விஷயம். குலுக்கும்போது எல்லாம் ஒன்றாகச் சுற்றியது. கையை நிறுத்தியதும் கனமானது முதலில் விழுந்தது, லேசானது கடைசியில். வெள்ளமும் அப்படித்தான். வேகம் இருக்கும்வரை கல், மணல், வண்டல், களி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் கொஞ்சம் குறைந்தால் மணலைக் கைவிடும். இன்னும் குறைந்தால் பொடிமணல். அசையாமல் நின்றால்தான் வண்டல், அதுவும் நாள் கணக்கில் நின்றால்.

கரை உடைந்த வாயில் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்கும். வெளியே வந்ததும் நாலாபக்கமும் பரவி, சட்டென்று வேகம் செத்திருக்கும். அந்த இடத்தில் உங்கள் வயல். பெரியப்பா வயலுக்குப் போய்ச் சேரும்போது தண்ணீரிடம் மணலே மிச்சமில்லை. அங்கே அது இரண்டு மூன்று நாள் கட்டி நின்று வண்டலை இறக்கியது. மனசும் இல்லை, வரியும் இல்லை. வேகம்.


ஓய்வு லஸ்கர் | சனி, இரவு 9.15

சார் சொன்னது சரி. நான் மடை திறந்து அடைக்கிற லஸ்கராகக் கால்வாய்க் கரையில் காலம் கழித்தவன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உடைப்பு எடுத்த இடத்தில் மணல் எப்போதும் பனையோலை விசிறி மாதிரிதான் கிடக்கும். கைப்பிடி உடைப்பு வாயில் இருக்கும், மட்டை வயலுக்குள் விரிந்திருக்கும். கைப்பிடிப் பக்கம் பருமணல், ஓரத்துக்குப் போகப்போகப் பொடி. தம்பி, வரப்பு வரப்பாக நடந்து பாருங்கள்.

இன்னொன்று. அந்த வெள்ளத்தை எல்லோரும் ‘அணையைத் திறந்துவிட்டான்’ என்று பேசுகிறார்கள். அணையிலும் திறந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மழைக் கணக்கைப் பாருங்கள். மலையில் இருக்கிற மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் 62, திருச்செந்தூரில் 69, காயல்பட்டினத்தில் 95. மலையை விடக் கடற்கரையில் கூட! நம் ஊரில் வெள்ளம் என்றால் மேற்கே மழை, கிழக்கே தண்ணீர். அன்று மழையும் இங்கே, தண்ணீரும் இங்கே. குளம் ஒவ்வொன்றும் நிரம்பி உபரிநீர் மறுகாலில் பாய்ந்து, மறுகால் தாங்காமல் கரை உடைந்து, மேல் குளத்துத் தண்ணீர் கீழ்க் குளத்தை உடைத்து… சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சிக்கி நூற்றுக்கணக்கானவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த சரளையும் மண்ணும் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதைச் செய்தது ஆறு மட்டுமில்லை, குளத்துத் தண்ணீரும்தான்.


நெல்லையான் சென்னையில் | சனி, இரவு 10.02

மணல் அள்ளாமல் விட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

(இந்தப் பதிவின் பின்பாதி நீக்கப்பட்டது. கட்சி அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. மட்டுறுத்துநர்)


ஓய்வு லஸ்கர் | ஞாயிறு, காலை 6.30

வாய் வராமல் என்ன தம்பி. 2010-இல் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தானே நின்று வாதாடி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருஷம் தடை போட்டது. அவருக்கும் ஸ்ரீவைகுண்டம்தான் சொந்த ஊர்.

ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நேர்க் கணக்கு இல்லை. மணல் அள்ளிய இடத்தில் ஆற்றின் தரை பள்ளமாகும். பள்ளத்துக்குள் விழுகிற தண்ணீர் மேலே இருக்கிற மணலை அரித்து இழுக்கும். பள்ளம் மேற்கு நோக்கி நகரும். பாலத்துத் தூணுக்கு அடி தெரியும், கரைக்குக் கால் போகும். கிணற்றில் தண்ணீர் இறங்கும். எதிர்க்கரைத் தென்னை போனதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், போய்ப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததற்கு மணல்லாரிக்காரன் பொறுப்பில்லை.


சங்ஷன் டீக்கடை | ஞாயிறு, காலை 7.48

எதிர்க்கரை விஷயத்துக்கு நான் வருகிறேன். என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம். 😀

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஊறி அடியில் இறங்கிய டீத்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் கரண்டியால் சுற்றுங்கள். நிறுத்துங்கள். தூள் எங்கே போகும்? சுற்றுகிற வேகத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட வேண்டும் இல்லையா? போகாது. டம்ளரின் நடு அடியில் குட்டிக் குவியலாகக் கூடும். 20 வருஷமாகப் பார்க்கிறேன், ஏன் என்று புரியாமலே இருந்தது. அப்புறம் ஒருநாள் படித்தேன், 1926-இல் ஐன்ஸ்டைனே இதை எழுதியிருக்கிறார், ஆறு வளைவதற்கு இதுதான் காரணம் என்று.

மேல் தண்ணீர் வேகமாகச் சுற்றும், அதனால் ஓரத்தில் மோதி அங்கே மட்டம் துளி உயரும். அடித்தண்ணீர் தரையில் உரசி மந்தமாகப் போகும். உயர்ந்த ஓரத்திலிருந்து கீழே இறங்குகிற தண்ணீர் அடி வழியாக நடுவுக்கு ஓடும், தூளையும் உருட்டிக்கொண்டு. ஆற்றின் வளைவிலும் அதே. மேல் தண்ணீர் வெளிவளைவில் போய் மோதி, கீழே இறங்கி, கரையின் காலைச் சுரண்டி, சுரண்டிய மண்ணை அடி வழியாக உள்வளைவு மணல்திட்டுக்கு அனுப்பும். வெளிவளைவில் கசம், அதாவது ஆழமான மடு, உள்வளைவில் படுகை. அந்தத் தென்னைக்காரர் கட்டாயம் வெளிவளைவுக்காரர், நீங்கள் உள்வளைவு. சரியா?


ஏரல்வாழை | ஞாயிறு, காலை 9.10

சரிதான் அண்ணாச்சி! அந்தக் கரையில்தான் கசம். சின்ன வயதில் ‘அங்கே போகாதே, சுழி இழுத்துக்கொண்டு போய்விடும்’ என்று அடித்தே வளர்த்தார்கள். எங்கள் பக்கம் நடந்து நடந்து போனால்தான் இடுப்பளவு வரும்.

ஆனால் ஒரு இடிப்பு இருக்கிறது. அடி எல்லாம் அந்தக் கரையில் என்றால், என் பக்கம் கரை ஏன் உடைந்தது?


ஓய்வு லஸ்கர் | ஞாயிறு, காலை 9.32

நல்ல கேள்வி. சாதாரண வெள்ளத்தில் ஆறு வளைவைச் சுற்றிப் போகும். வெள்ளம் முற்றிவிட்டால் சுற்றுகிற பொறுமை அதற்குக் கிடையாது. வளைவின் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். அது பெரும்பாலும் என்றைக்கோ ஆறே போன பழைய தடமாக இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் உடைந்து அடைத்த இடமாக இருக்கும். அடைத்த மண் எத்தனை வருஷமானாலும் பிறவிக் கரை மாதிரி இறுகாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.


அம்பையாள் | ஞாயிறு, பகல் 11.25

எல்லோரும் கீழ்ப்பக்கமே பேசுகிறீர்கள். மேலே நாங்களும் இருக்கிறோம்!

கன்னடியன் கால்வாய்க் கதை தெரியாதவர்களுக்கு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று தெரியாமல் பொதிகை முனிவர் அகத்தியரைத் தேடிப் போனாராம். முனிவர் சொன்னாராம், ‘ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ. அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு. கோமியம் விடுகிற இடத்தில் மடை வை. படுக்கிற இடத்தில் குளம் வெட்டு.’ ஆச்சி சொல்லும்போது கோமியத்துக்குச் சிரிப்போம்.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று அந்தக் கால்வாயோடு கூடவே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேய்கிற பசு மேட்டில் ஏறாது, பள்ளத்தில் குதிக்காது. சரிவின் இடுப்பைச் சுற்றி, ஒரே மட்டத்தில், துளித்துளியாக இறங்கும். கால்வாய் வெட்டுகிறவன் செய்ய வேண்டியதும் அதுதானே? லெவல் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் பசுவைவிட நல்ல சர்வேயர் யார்?


பொதிகைச்சாரல் | ஞாயிறு, பகல் 12.40

அக்கா, அருமை. நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது இது.

கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன். ஆறு பிறக்கிற பொதிகை உச்சிப் பக்கம் 1,700 மீட்டருக்கு மேல். அம்பாசமுத்திரம் சுமார் 76 மீட்டர், திருநெல்வேலி சுமார் 47 மீட்டர். அதாவது முதல் கொஞ்ச தூரத்திலேயே முக்கால்வாசிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. மிச்சமிருக்கிற நூறு கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. மலையில் ஆறு வெட்டுகிறது, சமவெளியில் போடுகிறது.

ஆறு இறங்கும் வேகத்தை விடக் கால்வாய் இன்னும் மெதுவாக இறங்கும். அதனால் போகப்போக ஆறு தாழ்வில், கால்வாய் உயரத்தில். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலம் முழுக்க வயல். வயலில் பாய்ந்து கசிந்த தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே விழும், அடுத்த அணைக்கட்டு அதைப் பிடித்து அடுத்த கால்வாயில் விடும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டு. கடைசி ஒன்று மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, 1870-களில் முடிந்தது. ஒரே தண்ணீரை இத்தனை முறை கைமாற்றுகிற ஆறு நாட்டில் அதிகம் இருக்காது.


ஓய்வு லஸ்கர் | ஞாயிறு, பகல் 1.15

மருதூர் அணைக்கட்டை நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஆற்றின் அகலத்தைவிட எவ்வளவோ நீளம். நேராகக் குறுக்கே கட்டாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறான். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் ‘கட்டத் தெரியாமல் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள்’ என்பார்கள். கல்வரிசை நீளமாக இருந்தால் அதே வெள்ளம் மேலே மெல்லிசாக வழியும். மேல்பக்கத்து ஊரில் தண்ணீர் அவ்வளவு ஏறாது. கல்லின் மேல் அடியும் குறையும். கோணல் புத்திசாலித்தனம்.


தேரிப்பனை | ஞாயிறு, மாலை 4.05

அண்ணாச்சிமாரே, வற்றாத ஆற்றுக்காரர்கள் கொண்டாடுங்கள். சாத்தான்குளம் பக்கம் எங்களுக்கு ஆறென்று சொல்ல கருமேனியாறு, அதுவும் மழை பெய்தால்தான். ஆனால் நிலத்தின் உருவத்தைப் பற்றிப் பேச எங்களிடமும் ஒன்று உண்டு. தேரி. வட்டார வழக்கில் சொன்னால் செக்கச்செவேல்னு மணல்மலை. தண்ணீரே இல்லாமல் உருவான நிலம்.


பொதிகைச்சாரல் | ஞாயிறு, மாலை 4.50

குவித்தது காற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற மேல்காற்றுக்கு இங்கே என்ன தடுப்பு இருக்கிறது. ஆனால் காற்று மணலைச் செய்யாது தம்பி. மலைப் பாறையை உடைத்துக் கடற்கரை வரை கொண்டுவந்து போட்டது தண்ணீர். சிவப்பும், மணல் மணியைச் சுற்றிப் பூசியிருக்கிற இரும்புத்துரு. ஈரம் படாமல் துரு ஏறுமா?


தேரிப்பனை | ஞாயிறு, மாலை 5.20

தண்ணீரே இல்லாமல் என்றது வாய்தவறிவிட்டது, சரி. 😀

உண்மையில் தேரிக்குள் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஐப்பசியில் எவ்வளவு பெய்தாலும் தேரியில் ஒரு ஓடை ஓடாது, விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். குடித்தது மெல்ல மெல்ல அடியில் நகர்ந்து தேரி முடிகிற தாழ்வில் சுனையாகக் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் கொதிக்கிற மணல், நடுவில் நல்ல தண்ணீர். தேரி மடங்கிய இடத்தில் மழைநீர் வடிய வழியில்லாமல் நின்றால் அதற்குப் பெயர் தருவை. வைரவன்தருவை, புத்தன்தருவை என்று ஊர்ப் பெயரே இருக்கிறது.

ஆயன்குளம் கிணற்றையும் சொல்லிவிடுகிறேன். திசையன்விளைக்குப் பக்கம். 2021 மழையில் குளத்து உபரிநீரை ஒரு சாதாரணத் தோட்டக் கிணற்றில் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர், வாரக்கணக்கில் கொட்டியது. கிணறு நிறையவே இல்லை! நான் போன அன்று திருவிழாக் கூட்டம். ஐஸ் விற்கிறவர்கூட வந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் சத்தம் மட்டும் மேலே வருகிறது, தண்ணீர் மட்டம் ஏறக்காணோம். பிறகு ஐஐடி மெட்ராஸ் குழு வந்து ஆராய்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் குகை மாதிரி வழிகள். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் துளி அமிலம் சேர்த்துக்கொள்ளுமாம், அது சுண்ணாம்பைக் காலங்காலமாகக் கரைத்துக் குடைந்துவிடுமாம்.


அம்பையாள் | ஞாயிறு, இரவு 7.00

கீழே கரைக்கிறது, மேலே ஆட்டுகிறது. குற்றாலம் பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை, நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கித்தான் கீழே வருகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு அடியில் யார் நிற்பது? அந்தப் பள்ளத்தை யாரும் வெட்டவில்லை. குழிக்குள் மாட்டிக்கொண்ட கல்லைத் தண்ணீர் சுற்றிச் சுற்றி உருட்டுகிறது, கல் குழியை அரைக்கிறது. ஆட்டுரலும் குழவியும்தான். மாவு நமக்கு ஏரலில் வந்து சேர்கிறது.


ஏரல்வாழை | ஞாயிறு, இரவு 7.22

அக்கா, மாவு பெரியப்பாவுக்குப் போய்விட்டது. எனக்குக் கப்பிதான். 😀

சார், பாட்டில் இன்னும் தெளியவில்லை. 36 மணி நேரம் ஆகப்போகிறது.


பொதிகைச்சாரல் | ஞாயிறு, இரவு 7.40

அதே கலங்கல் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் கல்லுப்பு கால் ஸ்பூன் போட்டுக் கலக்கி வையுங்கள். இன்னொன்றைச் சும்மா விடுங்கள். தேத்தாங்கொட்டை உரசித் தண்ணீர் தெளியவைத்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை, ஆனாலும் செய்யுங்கள்.


ஏரல்வாழை | திங்கள், காலை 6.15

சார்! உப்புப் போட்ட டம்ளரில் பால் திரிந்த மாதிரி பூப்பூவாகச் சேர்ந்து, காலையில் பார்த்தால் அடியில் ஒரு பஞ்சுப்படுகை, மேலே தெளிந்த தண்ணீர். சும்மா விட்டது அப்படியே கலங்கலாக நிற்கிறது. அம்மா உப்பு ஜாடியைத் தேடுகிறாள்.


பொதிகைச்சாரல் | திங்கள், காலை 7.30

இப்போது கொற்கைக்குப் போகலாம்.

களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துவிடும், துகள்கள் ஒட்டிக் கனமாகி இறங்கும். 125 கிலோமீட்டர் வந்தும் ஆறு கைவிடாத அந்தக் கலங்கலைக் கடல் வாசலில் உப்பு பிடித்துக்கொள்கிறது. வேகமும் அங்கே செத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் முகத்துவாரத்தில் நிலம் வளராமல் என்ன செய்யும்?

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்கப் புவியியலாளர் தாலமியும் அதைக் குறித்திருக்கிறார். இன்று கொற்கையில் நின்றால் வாழையும் வயலும் குளமும்தான், கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. மண் தூர்ந்ததும் துறைமுகம் கடலைத் தேடிக் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது, 13-ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ வந்து இறங்கியது அங்கே. அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆகிவிட்டது. பிறகு புன்னைக்காயல். பெயரிலேயே ‘பழைய’ என்று வந்துவிட்டது பாருங்கள். கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இதை எழுதியிருக்கிறார். கடல் பின்வாங்கியது என்பார்கள். அதைவிட, ஆறு நிலத்தை முன்னே தள்ளியது என்பதே பொருத்தம்.


நெல்லையான் சென்னையில் | திங்கள், காலை 8.05

அப்படியென்றால் ஆதிச்சநல்லூர்க்காரர்கள்?


பொதிகைச்சாரல் | திங்கள், காலை 8.20

இறந்தவர்களை வைத்த தாழிகளை அவர்கள் புதைத்தது ஆற்றோரத்துப் பறம்பில், சரளை மேட்டில். வெள்ளம் ஏறாத இடம், நெல் விளையாத இடம். நல்ல வண்டலை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவைத்தார்கள்.


குறுக்குத்துறைக் குளியல் | திங்கள், காலை 9.00

ஒரு வெள்ளைக்கொடி. முதல் நாள் கிண்டல் பண்ணினேன், ஆனால் இழையை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். எங்கள் குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, தெரியும்தானே. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோவிலுக்குத் தூக்கிவிடுவார்கள், மூலவர் முங்கிக்கொள்வார். முன்மண்டபம் எதுவரை முங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஊரே வெள்ளம் பேசும். மேற்கே பார்த்த சுவரைப் படகு மூக்கு மாதிரி கூராக்கிக் கட்டியிருக்கிறான். தண்ணீரை எதிர்க்காமல் இரண்டாக வகுந்துவிடும். நேற்று போய் முதல்முறையாக அதை நின்று பார்த்தேன். கூரான பக்கம் தரை அரித்துப் பள்ளம், கோவிலுக்குக் கிழக்கே ஒதுக்கில் மணல் மேடு. டீக்கடை அண்ணாச்சியும் சாரும் சொன்னது அத்தனையும் பத்தடிக்குள் இருக்கிறது.


ஏரல்வாழை | புதன், இரவு 9.40

இரண்டு நாள் வரவில்லை, வயலில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். லஸ்கர் அண்ணாச்சி சொன்ன விசிறி அப்படியே இருக்கிறது, வடமேற்கு மூலையில் கைப்பிடி.

குழி ஆளுயரம். பக்கத்தை மண்வெட்டியால் சீவிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மேலே முழங்கால் மணல் என்றேனே, அது ஒரே மணல் இல்லை. அதன் அடியில் கூழாங்கல், செங்கல் துண்டு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு. அதற்கு மேல் பருமணல், பிறகு பொடிமணல், உச்சியில் தாள் கனத்துக்கு ஒரு களிப்படலம். வெயிலில் வெடித்து அப்பளம் மாதிரி ஓரம் சுருண்ட துண்டுகள் இன்னும் இரண்டொரு இடத்தில் இருக்கின்றன. சாரின் பாட்டில்தான், அப்படியே. வெள்ளம் ஏறியது, ஓய்ந்தது, நின்று வற்றியது, மூன்றும் வரிசையாக எழுதிவைத்த மாதிரி.

அதற்குக் கீழே எங்கள் பழைய வயல். கறுப்புக் கரம்பை மண், அழுகிய வாழைக்கிழங்கு. சரி, முடிந்தது என்று நினைத்து இன்னும் இரண்டடி தோண்டினால் மறுபடி மணல்! ஒரு சாண் பட்டை, உள்ளே ஆற்றுச் சிப்பி. அதுவும் அடியில் பரு, மேலே பொடி. அதற்குக் கீழே மறுபடி கரம்பை.

அப்பா 1992 வெள்ளம் என்றார். பெரியப்பா இல்லவே இல்லை என்கிறார், 92 நவம்பரில் இந்தப் பக்கம் கரை நின்றதாம், அவரே மணல்மூட்டை அடுக்கினாராம். இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

லஸ்கர் அண்ணாச்சி பெரியவர்களிடம் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். யாருக்கும் இங்கே முன்னால் உடைந்த ஞாபகம் இல்லை. ஆனால் ஒன்று. எங்கள் வீட்டில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர். வேப்பமரத்தடி, கோவிலடி, இப்படி. இந்த வயலை நான் பிறந்ததிலிருந்து ‘உடப்புத்தடி’ என்றுதான் கூப்பிடுகிறோம் (தடி என்றால் வயல்). ‘உடப்புத்தடிக்கு மோட்டார் போட்டாச்சா’, ‘உடப்புத்தடியில கொத்து நடக்கு’. பெயருக்கு அர்த்தம் உண்டு என்றே தோன்றியதில்லை. இன்று பெரியப்பா பெட்டியிலிருந்து தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்து விரித்தார். ‘உடைப்புத் தடி’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது.


ஓய்வு லஸ்கர் | புதன், இரவு 9.58

வடமேற்கு மூலைதானே?


ஏரல்வாழை | புதன், இரவு 10.03

பத்திரத்தில் மூலை எழுதவில்லை அண்ணாச்சி. ஆனால் கீழ்மணல் பட்டை அந்த மூலைக்குப் போகப்போகக் கனக்கிறது, நாளைக்கு அங்கே ஒரு குழி போடுகிறேன். மணலை வெளியே கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டுமாமே, அதனால் அள்ளி அந்தப் பக்கத்து வரப்பிலேயே குவிக்கலாம் என்று இருந்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது. குளத்துக் கரம்பை அடிக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வந்தால் மணலோடு கலந்து உழுதுவிட்டு, ஆற்றோரத்து நாலு வரிசையை மட்டும் வாழை வைக்காமல் விடலாமா? அங்கே என்ன வைக்கலாம், யாராவது சொல்லுங்கள்.


தேரிப்பனை | புதன், இரவு 10.10

பனை.